எழுந்து நிற்க ஆகும் நேரம்

அடுப்படியில் பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டபோது, டிரைவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். அடுத்து இன்னொன்று விழுந்தது. அது பாத்திரம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"என்னம்மா?" என்று உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பார்க்கின்சன் வந்து கை நடுங்கத் தொடங்கியதை ஒருவாறு பொறுத்துக்கொண்டார். எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை. போன வருஷம் இரண்டு முறை விழுந்தார். ஒரு முறை தாடை கிழிந்தது. ஏற்கெனவே மாத்திரை ஒரு கைப்பிடி, இன்னொன்று சேர்ப்பதற்கு முன் பழக்கங்களை மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மனைவி அதை வீட்டுச் சட்டமாக்கிவிட்டாள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தாள். காலையில் அவர் எழுவதற்கு முன்பே, தொடைவரை ஏறும் இறுக்கமான காலுறையை மூச்சு வாங்க இழுத்து மாட்டிவிடுவாள். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை, உப்பு தாராளமாக. எழுவதென்றால் முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர். பிறகு பாதத்தை ஆட்டி, தொடையை இறுக்கி, சில நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு எழவே கூடாது.

அவளுக்கோ ரத்தக்கொதிப்பு. உப்பே ஆகாது. அதனால் ஒரே அடுப்பில் இரண்டு சமையல். "உங்களுக்கு இறங்குது, எனக்கு ஏறுது. பங்கு போட்டுக்க வழியிருந்தா ரெண்டு பேரும் நல்லா இருப்போம்" என்று சிரிப்பாள். கொஞ்ச நாளாக இரண்டாவது சமையல் நின்றுபோயிருந்தது. அவருக்குச் செய்ததையே அவளும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். டிரைவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாவம், அலுத்துப்போயிருப்பாள் என்று வாயைத் திறக்கவில்லை.

அடுப்படியிலிருந்து முனகல் வந்தது. பிறகு அவள் குரல், நாக்கு மடங்கியதுபோல.

"எந்திரி... எந்திரிக்காதீங்க. மெதுவா."

பதறிப்போய் நாற்காலியின் கையைப் பிடித்து எம்பினார். பாதி எழுந்ததுமே எதிர்ச்சுவர் மங்கியது, காதுக்குள் இரைந்தது. பொத்தென்று உட்கார்ந்தார். தானும் விழுந்தால் இரண்டு பேரும் அப்படியே கிடக்க வேண்டியதுதான். மகள் வேலை முடிந்து வர ஆறு மணியாகும். செல்போன் அடுப்படியில் அவளிடம் இருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவள் நிரப்பி வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது. பாதத்தை ஆட்டினார், தொடையை இறுக்கினார். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. "வந்துட்டேம்மா, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, இருந்த இடத்தில் இருந்தார்.

இரண்டாவது முயற்சியும் தோற்றது. மூன்றாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். நிலைப்படியில் மறுபடி இருட்டியது. டாக்டர் காட்டிக்கொடுத்தபடி காலோடு காலைப் பின்னிக்கொண்டு நின்றார், தெளிந்தது. அவள் ஒருக்களித்துக் கிடந்தாள், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அருகே உட்கார்ந்து செல்போனை எடுத்தார். நடுங்கும் விரலுக்கு எண்கள் சிக்கவில்லை. கடைசியில் ஒரு தட்டை எடுத்துச் சுவரில் அடிக்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஓடி வரும்வரை நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு ஆனது என்று கேட்டார்கள்.

"ரெண்டு பத்து" என்றார் டிரைவர்.

"தையல்காரம்மா எனக்கு ஃபோன் பண்ணப்ப ரெண்டு நாப்பதுப்பா" என்றாள் மகள். குற்றம் சொல்லவில்லை, கேட்டவர்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்றுதான்.

"எந்திரிக்க நேரமாயிடுச்சு" என்றார் அவர்.

உயிருக்குப் பயமில்லை, வலப்பக்கம் மறுபடி இயங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். மறுநாள் சக்கர நாற்காலியில் அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விரிப்பின் மேல் அவளுடைய வலக்கை, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. போர்வைக்கு அடியில் தன் நடுங்கும் கையை விட்டு அந்தக் கையின் முழங்கையைப் பற்றிக்கொண்டார்.

கதவருகே நின்ற மகள் மூச்சை உள்ளிழுத்தாள்.

"அப்பா, அம்மா கை அசையுதுப்பா."

விரல்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. டிரைவர் குனிந்த தலை நிமிராமல், பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார்.