ஒன்பதாவது படி

மூன்று மாதத்துக்குள் மூன்றாவது நோயாளிக்கும் வயிற்றில் கிருமி தொற்றியபோது, முப்லிஹா அவர்களுடைய வீடுகளைத்தான் சந்தேகித்தாள்.

ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் அவள் பதினான்கு வருடமாகத் தாதியாக இருக்கிறாள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் எல்லோரும் இயந்திரத்துக்கு வந்து படுக்க வேண்டியதில்லை. சிலர் வீட்டிலேயே, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக மருந்துநீரை ஏற்றி இறக்கி, உடம்பின் கழிவை வெளியேற்றிக்கொள்வார்கள். நாளுக்கு நான்கு தடவை பை மாற்ற வேண்டும். இறங்கும் நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே கிருமி போய்விட்டது என்று அர்த்தம். இதை நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் பழக்குவதுதான் முப்லிஹாவின் வேலை.

இதற்கென்று விசேட பயிற்சி பெற்ற தாதியர் முன்பு நான்கு பேர் இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு தடவை, ஒருவர் செய்வதை மற்றவர் பக்கத்தில் நின்று பார்த்துப் படிவத்தில் கையெழுத்து வைப்பார். நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்த வருடத்தில் இருவர் வெளிநாடு போனார்கள். ஒருவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். பிறகு வந்த நிருஷாவுக்கு வேலை பழக்கியதும் முப்லிஹாதான். முப்லிஹாவின் கையைப் பார்த்துக் கையெழுத்து வைக்க ஆளில்லாமல் நான்கு வருடம் போயிருந்தது. அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

முதலில் தொற்று வந்தது ஏறாவூர் உசனாருக்கு. குழாயைக் கழற்ற வேண்டியதாயிற்று. இப்போது அவர் வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி இயந்திரத்துக்கு வருகிறார். இரண்டாவது நாவற்குடா சீதேவிப்பிள்ளை. கிருமி இரத்தத்தில் பரவி, பதினோராம் நாள் அவர் இறந்துபோனார். மூன்றாவது மண்டூர் வினாயகமூர்த்தி, வயல் செய்கிறவர். மருந்து கேட்டது, பிழைத்துக்கொண்டார். அவருக்குப் பை மாற்றுவது மகள் ஆர்த்திகா. ஆஸ்பத்திரி வாட்டில் அந்தப் பிள்ளையை முப்லிஹா நன்றாக ஏசியிருந்தாள்.

"கையைக் கழுவுறதுல என்ன கஷ்டம் உங்களுக்கு? அப்பாட உயிர் உங்கட கையிலயெல்லா இருக்கு."

ஆர்த்திகா சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

மூன்று பேரிடமும் தோலில் இருக்கும் கிருமிதான் இருந்தது என்று ஆய்வுகூட அறிக்கை சொன்னது. விரல் பட்ட தொற்று. "ஒருக்கா வீட்ட போய்ப் பாருங்க" என்றார் டொக்டர்.

குருமண்வெளித் துறையில் வாகனங்களையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையில் ஏறி, காலை பத்து மணிக்கு அவள் மண்டூரில் இறங்கினாள். வினாயகமூர்த்தியின் வீட்டில் பை மாற்றுவதற்கென்று தனியாக ஒரு சிறிய அறை ஒதுக்கியிருந்தார்கள். சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. மேசையில் ஒரு தூசி இல்லை. குறை கண்டுபிடிக்க வந்தவளுக்கு முதலில் ஒன்றும் அகப்படவில்லை.

"வழமையா செய்யிற மாதிரியே செய்ங்க தங்கச்சி. நான் இஞ்ச நிண்டு பாக்கிறன்."

ஆர்த்திகா ஜன்னலைச் சாத்தினாள், காற்றாடியை நிறுத்தினாள், மாஸ்க் கட்டினாள். மேசையைத் துடைத்துப் புதிய பையை எடுத்து வைத்தாள். கையை விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு என்று முறையாகக் கழுவினாள். அவளுடைய புறங்கைகள் வெடித்துச் சிவந்திருப்பதை முப்லிஹா அப்போதுதான் கண்டாள். ஆர்த்திகா சுத்தமான துணியில் கையை ஒற்றினாள். பிறகு வலது சுட்டுவிரலை உயர்த்தி, இரண்டு கண்களுக்கும் நடுவே, மாஸ்க்குக்கு மேலே மூக்குத் தண்டை ஒரு தடவை அழுத்திவிட்டுக் குழாயின் மூடியைத் திறக்கப் போனாள்.

"நில்லுங்க. திறக்காதீங்க."

ஆர்த்திகா அப்படியே நின்றாள்.

"கையைக் கழுவின பிறகு ஏன் மூக்கைத் தொட்டீங்க?"

"நீங்க அப்பிடித்தானே மிஸ் காட்டித் தந்தீங்க."

"நானா?"

"ஓம் மிஸ். மறந்திருவனெண்டு கொப்பியில எழுதி வச்சிருக்கன்."

ஆர்த்திகா மேசை லாச்சியை இழுத்துக் கொப்பியை எடுத்தாள். வரிசையாக இலக்கம் போட்டு, அடிக்கோடு கீறி எழுதியிருந்தாள். ஒன்பதாவது படி: கை துடைத்த பின் கண்களுக்கு நடுவில் விரலால் ஒருக்கா அழுத்துதல்.

ஆர்த்திகா கண்ணாடி போடுவதில்லை. முப்லிஹா போடுகிறாள். இரண்டு வருடத்துக்கு முன் எழுத்து மங்கத் தொடங்கியபோது வாங்கியது. மாஸ்க் கட்டினால் அது வழுக்கும். வழுக்கும்போதெல்லாம் விரல் தானாகப் போய்த் தள்ளிவிடும். அதை அவள் ஒரு நாளும் அறிந்து செய்ததில்லை. உசனாரின் மகனை, சீதேவிப்பிள்ளையின் மகனை, இந்தப் பிள்ளையை அவள் பழக்கியது இந்த இரண்டு வருடத்துக்குள்தான்.

அவள் அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தங்கச்சி, பிழை உங்கட இல்ல. அது என்ட பிழை. நான் காட்டின பிழையை நீங்க சரியாப் பழகியிருக்கீங்க. வாட்டில உங்களை ஏசினதுக்கு என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க."

ஆர்த்திகா தன் கைகளைப் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்த வினாயகமூர்த்தி தலையைத் தூக்கினார்.

"அண்டையிலயிருந்து இவள் ஒழுங்காச் சாப்பிடுறல்ல மிஸ்ஸி" என்றார். "டெட்டோல்ல கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிஞ்சு போச்சு. நான் சொன்னாக் கேக்கிறல்ல."

பையை அவளே மாற்றும்படி மூன்றாவது தடவை முப்லிஹா சொன்னபோதுதான் ஆர்த்திகா திரும்பக் கையைக் கழுவப் போனாள். ஒன்பதாவது படியைப் பேனையால் வெட்டிவிட்டு, அதன் பக்கத்தில் முப்லிஹா தன் பெயரை எழுதினாள்.

மறுநாள் அவள் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுதான் காரணமெண்டு நிரூபிக்க ஏலாது" என்றார் அவர்.

"ஓம் டொக்டர். இல்லையெண்டும் நிரூபிக்க ஏலாது."

வெளியே வந்தபோது நிருஷா வாசலில் நின்றாள். "நீங்க கண்ணாடியத் தள்ளினத நான் ஒரு தரம் கண்டனான் அக்கா" என்றாள் குனிந்தபடி. "நீங்க என்னைப் பழக்கின ஆள். உங்களிட்ட எப்பிடிச் சொல்லுற எண்டு விட்டுட்டன்."

முப்லிஹா அவளைக் கோபிக்கவில்லை. தானும் அவளுடைய வயதில் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் சொன்னதை உசனார் இயந்திரத்தில் படுத்திருந்தபடியே கேட்டுக்கொண்டார். "அல்லாஹ்ட நாட்டம் மிஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம் போல அவளுக்கு இருந்தது.

மிஞ்சியது நாவற்குடா. சீதேவிப்பிள்ளையின் மகன் திவாகரன் வீட்டில் தனியாக இருந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நீங்க அண்டைக்கு வாட்டில, நான் கவனமில்லாமச் செஞ்சதெண்டுதானே சொன்னீங்க" என்றான்.

"ஓம் தம்பி. சொன்னன்."

"என்ட தங்கச்சியும் பக்கத்தில நிண்டவள். செத்த வீட்டில எல்லார்ர முன்னுக்கும் கேட்டாள், அம்மாவ ஏன் சாகடிச்சனீ எண்டு. ரெண்டு மாசமா என்னோட கதைக்கிறல்ல."

அவன் எழுந்து உள்ளே போய், ஒரு கடதாசியும் பேனையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"நீங்க சொன்னத எழுதித் தாங்க. வாயால சொன்னா அவள் நம்ப மாட்டாள்."

கடதாசியில் எழுதிக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அவளுடைய சம்பளத்தில்தான் நடக்கிறது. பேனையை எடுத்தாள். பிறகு பழக்கிய திகதி, செய்த பிழை, திவாகரன் தான் காட்டியபடியே செய்தான் என்பது, தன் முழுப் பெயர், பதிவு இலக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்தாள். அவன் அதை வாங்கிப் படித்தான். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. வாசல் வரை வரவுமில்லை.

விசாரணை நடந்தது. நோயாளிகளைப் பழக்குவதிலிருந்து அவளை நிறுத்தி வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நூல் கட்டி, பயிற்சிப் பொம்மையின் வயிற்றில் அவள் திரும்பச் செய்து பழகினாள். படிவத்தோடு பக்கத்தில் நின்றவள் நிருஷா. முதல் நாள் நூல் இருந்தும் விரல் எழும்பியது.

"அக்கா" என்றாள் நிருஷா. படிவத்தில் பேனை வைக்கவில்லை.

"எழுது" என்றாள் முப்லிஹா. நிருஷா தவறு என்று அடையாளம் போட்டாள்.

ஐந்தாவது வாரம்தான் அவள் தேறினாள். அதன் பிறகு இருவரும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பழக்கிய மற்ற வீடுகளுக்கு, விசாரணை தொடங்கிய வாரத்திலேயே, இருவரும் ஒவ்வொன்றாகப் போய் வந்திருந்தார்கள். மேலும் இரண்டு வீட்டில் அதே விரல் அதே இடத்துக்குப் போனது. அங்கே இன்னும் யாருக்கும் தொற்று வந்திருக்கவில்லை.

ஒரு நாள் மதியம் பிரிவுக்குத் தொலைபேசி வந்தது. ஒரு பெண்ணின் குரல்.

"நான் சீதேவிப்பிள்ளைட மகள். அண்ணன் ஒரு கடிதம் கொண்டுவந்து தந்தவர். நீங்கதானா எழுதின?"

"ஓம். நான்தான்."

"கடைசி நேரம் நான் பக்கத்தில இல்ல. அம்மாவுக்கு நோவு இருந்ததா மிஸ்? அண்ணனிட்டக் கேக்க எனக்கு வாய் வரல்ல."

"இருந்தது" என்றாள் முப்லிஹா. "ஊசி போட்டம். போட்டும் இருந்தது. உங்கட அண்ணன் ராவு பகலா கையைப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்திலயே இருந்தவர்."

"சரி" என்றது அந்தக் குரல். தொலைபேசி வைக்கப்பட்டது.