ஓட்டுகிற கை

சர்வீஸ் சென்டரின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. உள்ளே குளிர்காற்று, தோல் சோபா, காபி கொண்டுவந்து கொடுக்க ஒரு ஆள். வண்டியின் சொந்தக்காரர்கள் வந்தால் அங்கே உட்காருவார்கள். ஓட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பின்பக்கம், வண்டி கழுவும் இடத்தை ஒட்டி, ஒரு இரும்பு பெஞ்சு. தண்ணீர் பீய்ச்சும்போது சாரல் அடிக்கும். காலைத் தூக்கி மேலே வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை பார்க்கும் தெருவில் மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிதானம். தேவையில்லாமல் ஹாரன் அடிக்கமாட்டார், யாரையும் முந்தமாட்டார். வேகத்தடையைக் கண்டால் இவர் வண்டி நின்று யோசித்துவிட்டுத்தான் ஏறும் என்று கிண்டல் செய்வார்கள். முதலாளி வீட்டு வாட்ச்மேன்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

பக்கத்தில் இருந்த வேறொரு வீட்டு டிரைவர் கேட்டார். "என்ன கோளாறு?"

"டேஷ்போர்டுல ஒரு விளக்கு எரியுது. அது எரிஞ்சா வண்டி இழுக்க மாட்டேங்குது. அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா சரியாயிடுது."

"உங்களுது பரவாயில்ல. எங்க வண்டி இங்கயே குடியிருக்கு. அம்மா வீட்டுக்குப் போன பொண்டாட்டியைப் பார்க்க வர்ற மாதிரி நான்தான் அப்பப்ப வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறேன்."

நிதானம் சிரித்து முடிப்பதற்குள் சர்வீஸ் அட்வைசர் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, காதில் போன். தரையின் ஈரம் ஷூவில் படாதபடி தூரத்திலேயே நின்றுகொண்டார்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாச்சு. ஒண்ணும் காட்டல. எங்கயாவது பள்ளத்துல இறக்கினீங்களா?"

"இல்ல சார்."

"தேங்கின தண்ணியில விட்டீங்களா?"

"அந்தப் பக்கமே போறதில்ல சார்."

"பார்த்து ஓட்டுங்க. இந்த வண்டி தானா கெடாது."

இந்தப் பேச்சு அவருக்குப் பழகிவிட்டது. போன தடவையும் இதையேதான் கேட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

இதற்கு முன்னால் முதலாளியிடம் இருந்தது சாதாரண வண்டி. தெருவுக்கு நாலு நிற்குமே, அந்த ஜாதி. ஒன்பது வருடம் அதை அவர் ஓட்டினார். பேட்டரி மாற்றினார், டயர் மாற்றினார், எண்ணெய் மாற்றினார். வழியில் ஒரு நாளும் நின்றதில்லை. முதலாளி நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "வண்டியில என்ன இருக்கு? எல்லாம் ஓட்டுற கையில இருக்கு." அதைக் கேட்கும்போது நிதானத்துக்குக் காது குளிர்ந்துபோகும்.

தொழில் பெருகியதும் முதலாளி பெரிய வண்டி வாங்கினார். அது வந்த அன்று நிதானம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டார். கதவைச் சாத்தினால் வெளியே இருக்கும் உலகம் வாயை மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி தையல் கம்பெனியில் காலர் வைக்கிறவள். நாள் முழுக்க நூறு மிஷின்களின் இரைச்சலில் இருந்துவிட்டு வந்தவளுக்கு அது ஒன்றுதான் பொறாமையாக இருந்தது. "சத்தமே கேக்காதா? அப்ப அதுல படுத்து ஒரு தூக்கம் போடலாம்," என்றாள்.

மனைவியின் அண்ணன் டாக்ஸி ஓட்டினார். முதலாளி விற்ற வண்டியின் அதே ரகம்தான், அதைவிடப் பழசு. கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. அவரே இறங்கி வந்து திறந்துவிட வேண்டும். "நம்ம வண்டியிலயும் கதவு திறந்துவிட ஆள் இருக்குல்ல," என்பார்.

"மச்சான், அதுவும் இதுவும் ஒண்ணா? அதுல ஆயிரம் சாமான் இருக்கு," என்பார் நிதானம்.

"அதான் மாப்ளே சொல்றேன். ஆயிரம் இருந்தா கெடுறதுக்கும் ஆயிரம் இருக்கு. என்னுதுல கெடுறதுக்கு என்ன இருக்கு?"

"அவ்வளவு விலை போட்டு வாங்கினது கெட்டுப்போகுமா? சும்மா பேசாதீங்க."

நிதானம் அப்போது உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். முதல் தடவை விளக்கு எரிந்தபோதுகூட, வண்டியைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. தான்தான் தெரியாமல் எதையோ அழுத்திவிட்டோம் என்று நினைத்தார்.

முதலாளியின் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் நிதானம்தான். பெரியவர் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டு வருவார். எழுத்துப் பிழை கண்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சந்தோஷம்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மேம்பாலத்தின் உச்சியில் விளக்கு எரிந்தது. பழக்கப்பட்டதுதான் என்று நிதானம் ஓரம் கட்டப் பார்த்தார். அதற்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த திரை முழுவதும் இருண்டது. வண்டி தானாகவே நின்றது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. குளிர்காற்று நின்றுபோய்க் கண்ணாடியும் இறங்க மறுத்தது. பின்னால் ஹாரன்கள் கத்தத் தொடங்கின.

வெயில் கண்ணாடி வழியாக இறங்கியது. பெரியவருக்கு வியர்த்துக் கொட்டியது. நிதானம் இறங்கி, அவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தன் உடம்பால் நிழல் கொடுத்தபடி போன் செய்தார். வண்டிக் கம்பெனியின் உதவி எண்ணில் பாட்டுத்தான் ஓடியது. முதலாளி எடுக்கவில்லை, அவர் மீட்டிங்கில் இருந்தார். கடைசியில் மச்சானைக் கூப்பிட்டார்.

"மச்சான், எங்க இருக்கீங்க? பெரியவருக்கு மூச்சு வாங்குது."

"பாலத்துலயா? அங்கயே நில்லு. அவரைப் பேச வெச்சுக்கிட்டே இரு."

மச்சானின் டாக்ஸி இருமிக்கொண்டே பாலம் ஏறி வந்தது. இருவரும் பெரியவரைத் தூக்கி அதில் உட்கார வைத்தார்கள். மச்சான் கேட்டார்: "நீ?"

நிதானம் நடுரோட்டில் நிற்கும் வண்டியைப் பார்த்தார். பூட்டக்கூட முடியவில்லை. பெரியவர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தார். விடவில்லை. நிதானம் சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு டாக்ஸியில் ஏறினார்.

ஆஸ்பத்திரிக்குச் சரியான நேரத்தில் போய்விட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார் டாக்டர். முதலாளி ஓடி வந்தார். நிதானத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "வண்டி கிடக்கட்டும். எங்கப்பாவைக் காப்பாத்திட்டீங்க," என்றார். மச்சானுக்கும் கும்பிடு போட்டார்.

வண்டி அங்கே கிடக்கவில்லை. போக்குவரத்தை மறிக்கிறது என்று போலீஸ் கிரேன் வந்து பாலத்திலிருந்து இழுத்துப்போயிருந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான் அதைச் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் சென்றார்கள்.

சில நாட்கள் கழித்து முதலாளி அவரை ஹாலுக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த சோபாவில் நிதானம் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தார்.

"சர்வீஸ்ல இருந்து பேசினாங்க. வண்டிக்கு அடியில நல்லா அடி வாங்கியிருக்காம். அதனாலதான் கரண்ட் லைன் எல்லாம் போயிருக்குன்னு சொல்றாங்க. கம்பெனி செலவுல ரிப்பேர் செய்ய மாட்டாங்களாம்."

"சார், கிரேன்ல இழுத்தப்ப பட்டிருக்கும்."

"நீங்க பார்த்தீங்களா?"

கிரேன் வந்தபோது நிதானம் ஆஸ்பத்திரியில் பெரியவருக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னாடியே விளக்கு எரிஞ்சுது சார். எத்தனை தடவை கொண்டுபோய்க் காட்டினேன்."

"காட்டினீங்க. ஒவ்வொரு தடவையும் வண்டியில ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாங்க?" முதலாளி குரலை உயர்த்தவில்லை. "உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. உலகம் முழுக்க பேர் வாங்கின வண்டி. அது சும்மா நிக்குமா, சொல்லுங்க? நீங்க சின்ன வண்டிக்குப் பழகின கை. இதுக்குப் பயிற்சி எடுத்த ஆளை வெச்சுக்கச் சொல்றாங்க."

ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்த பெரியவர் திரும்பினார். "டேய், அவன் மேல தப்பு இல்லடா. நான் வண்டியிலதானே இருந்தேன். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தான், அதுவா நின்னுச்சு."

"அப்பா, நீங்க போர்டு படிச்சுக்கிட்டு வந்திருப்பீங்க. வண்டியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

பெரியவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மாதச் சம்பளத்தோடு மேலும் ஒரு மாதச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் முதலாளி கொடுத்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டில் நிதானம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரி போற வழியில பேக்கரி முன்னாடி ஒரு வேகத்தடை இருக்கு. அன்னைக்கு கொஞ்சம் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு," என்றார்.

"என்ன சத்தம்?"

"அடியில உரசின மாதிரி. இல்லன்னா அது முந்தின வாரமோ என்னமோ."

மனைவி தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஒன்பது வருஷமா அந்த ரோட்டுல வேகத்தடை இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப உங்க கை எங்க போயிருந்துச்சு? இப்ப மட்டும் கெட்டுப்போச்சா?"

"அவ்வளவு பெரிய கம்பெனி பொய் சொல்லுமா?"

"நீங்க சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அவள் வேலையில் குத்திய ஊசியின் தழும்பு இருந்த விரலால் தட்டின் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "சாப்பிடுங்க. கம்பெனிக்காரன் சாப்பிட்டிருப்பான்."

வேலை தேடிப் போன இடங்களில் எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். ஒரே வீட்டில் அத்தனை வருடமா என்று வியந்தார்கள். பிறகு அந்த வீட்டுக்குப் போன் செய்தார்கள். முதலாளி குறையாக ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். நல்ல மனுஷன், பெரிய வண்டிதான் கையில நிக்கல என்று சொல்லியிருப்பார். பெரிய வண்டிக்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது. சின்ன வண்டிக்காரர்கள் அவர்களே ஓட்டிக்கொண்டார்கள்.

மச்சான் டாக்ஸியைப் பாதி நாள் விட்டுத்தருவதாகச் சொன்னார். மறுநாள் அவரே, "மீதிப் பாதி நாள் நான் என்ன, வீட்டுல உட்கார்ந்து பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கவா மாப்ளே?" என்று சிரிப்பு வராத குரலில் பின்வாங்கினார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

கடைசியில் பழுதான வண்டிகளை ஏற்றிப்போகும் லாரியில் வேலை கிடைத்தது. லாரிக்காரர் யாருக்கும் போன் செய்யவில்லை. லைசென்ஸை மட்டும் பார்த்தார். சங்கிலி மாட்டுவது, பலகையை இறக்குவது, வண்டியை ஏற்றி நாலு சக்கரத்தையும் இறுக்குவது எல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. உள்ளங்கை காய்த்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் விடாமல் கேட்டார். "இப்பச் சொல்லு மாப்ளே. நீதானே தூக்குற. எந்த வண்டி அதிகமா நிக்குது?"

நிதானம் யோசித்தார். "எல்லாம்தான் நிக்குது மச்சான். பெருசும் நிக்குது, சிறுசும் நிக்குது. சின்ன வண்டி நின்னா, வண்டி நின்னுபோச்சுன்னு சொல்றாங்க."

"பெருசு நின்னா?"

"டிரைவரைப் பார்க்குறாங்க."

மழைக்காலம் வந்தது. ஒரு மத்தியானம் ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலுக்கு அழைப்பு வந்தது. நிதானம் போனபோது, வெள்ளைச் சீருடை போட்ட ஒரு டிரைவர் புத்தம்புதுப் பெரிய வண்டிக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். மேல்கூரைக் கண்ணாடி திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. வண்டியில் உயிர் இல்லை. வண்டியின் சொந்தக்காரர் வேறொரு வண்டி பிடித்துப் போய்விட்டிருந்தார். அந்த டிரைவர் தன் மழைக்கோட்டைக் கழற்றித் திறந்த கூரைமேல் போட்டு மூடியிருந்தார்.

வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். லாரியின் முன்சீட்டில் அந்த ஆள் ஈரம் படாமல் நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லா உட்காருங்க. இது லாரிதான்," என்றார் நிதானம்.

"அண்ணே, நீங்க வந்தப்ப வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருந்துச்சு? நான் எதையும் தொடல. யாராவது கேட்டா சொல்லுங்கண்ணே."

"சொல்றேன்," என்றார் நிதானம். "ஆனா என்னை யாரும் கேக்க மாட்டாங்க."

வைப்பர் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டே இருந்தது.

சர்வீஸ் சென்டரின் பெரிய கதவுவரை லாரி போக முடியாது. வெளியே இறக்கித் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். பலகையிலிருந்து வண்டி இறங்கியதும் உள்ளிருந்து இரண்டு பேர் பெரிய கறுப்புக் குடைகளோடு ஓடி வந்தார்கள். நனைந்த மழைக்கோட்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக நின்று, திறந்த கூரைக்கு மேல் குடைகளைச் சேர்த்துப் பிடித்தார்கள். இன்னொருவர் முன்சீட்டில் துணி விரித்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் பின்னால் போய் வண்டியில் கை வைத்தார். நிதானமும் லாரியிலிருந்து இறங்கிப் பக்கத்தில் போய் நின்று தள்ளினார். குடைகளின் விளிம்பிலிருந்து கொட்டிய தண்ணீர் முழுவதும் இருவரின் முதுகிலும் விழுந்தது.

"மெதுவா, மெதுவா," என்றார் குடை பிடித்தவர்களில் ஒருவர், திரும்பிப் பார்க்காமல். "பெயிண்ட்ல நகம் படாமத் தள்ளுங்க."