காவிப் பட்டை அடித்த வேலி

மெயிலுக்குக் கைகாட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிய போர்ட்டர் கந்தவேல், பிளாட்பாரத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டான்.

பலகை வேலிக்கு வெளியே ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் இரண்டு கூடைகள், ஒரு சும்மாடு. ஆளைக் காணோம். வேலிக்குள்ளிருந்து கற்பூர வாசனை வந்தது.

இது என்ன கூத்து?

சங்ககிரிப் பக்கத்துக் கருக்கம்பட்டி ஸ்டேஷனில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து இரண்டு பேர் செத்த பிறகு, பிளாட்பாரத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டத் தோண்ட மேலே இருந்த காவல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஓரத்து வெள்ளைக் கோட்டை மண் மூடியது. கம்பித் தடுப்பைப் பிடுங்கினார்கள். விளக்குக் கம்பம் போய், அதை நட்டிருந்த கல் மட்டும் மிச்சம். அந்தக் கல்லுக்குக் கீழே இப்போது மண்ணே கிடையாது. பனங்கட்டை முட்டுகள்தான். மெயில் போகிற நேரத்தில் ஒரு குஞ்சு குளுவான்கூட அங்கே நிற்கக் கூடாது என்று ஓவர்சியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இந்த வேலி.

நேற்றுத்தான் பெயிண்ட் அடித்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போடு, பார்த்தவன் பயந்து விலகணும் என்பது ஓவர்சியர் உத்தரவு. பெயிண்ட் அடிக்க வந்த மாதையன் சொன்னதைத்தான் செய்தான். ஆனால் ஆயுசு முழுக்கக் கோயில் மதிலுக்கு அடித்த கை அது. ஒரு சாண் சுண்ணாம்பு, ஒரு சாண் காவி, நெட்டுக்கு நெட்டாக இழுத்துவிட்டுப் போய்விட்டான்.

போதாக்குறைக்கு, தோண்டத் தொடங்கிய அன்று கூலியாட்கள் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி வேப்பிலை செருகியிருந்தார்கள். இன்றைக்கு ஆடி வெள்ளி. கூலியாட்கள் சோற்றுக்குப் போயிருந்தார்கள். மண் சுமக்க வேலியில் விட்டிருந்த சந்து வழியாகச் சந்தைக்கு வந்த சனம் பூராவும் உள்ளே புகுந்து கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வெளியே வாங்க! எல்லாரும் வெளியே வாங்க! ஆபத்து!" கந்தவேல் கத்தினான்.

தயிர்க்காரி மாரக்காள் திரும்பினாள். "ஆபத்துன்னா ஆத்தாகிட்ட வராம, உங்க ஸ்டேசன் மாஸ்டர்கிட்டயா போறது?"

"அய்யோ, இது கோயில் இல்லீங்க! வேலி!"

"கோயிலுக்குத்தான் சாமி வேலி போடுவாங்க. பட்டை அடிச்சிருக்குதே, கண்ணு தெரியலையா?"

"அடியில பூரா பள்ளமுங்க!"

"பாத்தீங்களா!" மாரக்காள் கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "பூமியப் பொளந்துக்கிட்டு வந்திருக்கறா! ரயில்காரரே சொல்றாரு!"

குலவைச் சத்தம் கிளம்பியது. எதைச் சொன்னாலும் அது அம்மனுக்கே சாட்சியாகப் போய்விடுகிறது. இன்னும் என்னத்தைச் சொல்வது?

அப்போதுதான் கல்லருகே பாவாயியைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி. ஏழு மாத வயிறு. இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போனது. அவனுக்குச் சோறு கொண்டுவந்தவள், போசியைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் துணியில் தொட்டில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாவாயி! வா புள்ள இங்கே!"

"ஒரே முடிச்சுதானுங்க மாமா. இருங்க, வாரேன்."

தூரத்தில் ஊதல் கேட்டது. ஆபீசிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் அர்த்தநாரி வேட்டி தடுக்க ஓடிவந்தார்.

"டேய், கைகாட்டியத் தாண்டிட்டான்டா! இனிக் கொடி காட்டினாலும் பிளாட்பாரம் கடந்துதான் நிப்பான்! கூட்டத்தக் கலைடா!"

எப்படிக் கலைப்பது? காலடியில் பிளாட்பாரம் லேசாக அதிர்ந்தது. கந்தவேல் குனிந்தான். கம்பெனி கொடுத்த பூட்ஸ் கண்ணில் பட்டது. அடுத்து என்ன செய்தான் என்பதைப் பிற்பாடு அவனாலேயே வரிசையாகச் சொல்ல முடியவில்லை. சந்துக்குள் பாய்ந்தான். பூட்ஸ் காலோடு அந்த மஞ்சள் கல்லின்மேல் ஏறினான். கீழேயிருந்த பூசைச் செம்பை எட்டி உதைத்தான். திரும்பி ஒரே ஓட்டம்.

"புடிங்கடா அவன!"

மொத்தக் கூட்டமும் சந்து வழியாகப் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலருகே அவனை மடக்கினார்கள். முதல் அடி முதுகில். இரண்டாவது கன்னத்தில். கந்தவேலின் கண் மட்டும் வேலியை விட்டு அகலவில்லை. பாவாயி ஒருத்தி இன்னும் வரவில்லை. அடிக்கட்டும், கொல்லட்டும், அவள் வரட்டும்.

"அய்யோ, உட்ருங்க சாமி! அவரு என்ற ஊட்டுக்காரருங்க!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானை இழுபட, அவள் சந்தைத் தாண்டி ஓடிவந்தாள்.

மெயில் வந்தது. பிளாட்பாரம் கிடுகிடுத்தது. வேலிக்குள் பனங்கட்டை முறியும் சத்தம் படபடவென்று கேட்டது. கல், வேப்பிலை, தொட்டில், சோற்றுப் போசி எல்லாம் ஒரே வாயாகக் கீழே போக, செம்மண் புழுதி ஆளுயரத்துக்கு எழும்பியது.

அடித்த கைகள் அந்தரத்தில் நின்றன. அப்பாடா, இப்போதாவது புரிந்திருக்கும். கந்தவேல் உதட்டு ரத்தத்தைத் துடைத்தான்.

மாரக்காள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பூட்ஸ் காலோட ஏறுனா ஆத்தா சும்மா இருப்பாளா? உள்ள போயிட்டா!"

"ஆமாங்க, ஆமாங்க" என்றது கூட்டம்.

கந்தவேல் பாவாயியைப் பார்த்தான். அவள் அவன் கன்னத்தைத் தடவினாள். "ஏனுங்க மாமா, நீங்க ஏறாம இருந்திருந்தா அது உழுந்திருக்காதுங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். கல்லின்மேல் ஏறியபோது பூட்ஸுக்கு அடியில் ஏதோ நெறுநெறுத்தது நினைவுக்கு வந்தது. அது கட்டையா, கல்லா? சரித்தது மெயிலா, தானா? யாரைப் போய்க் கேட்பது?

அதற்குள் சனம் செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு பத்து முழம் பின்வாங்கியிருந்தது. அங்கிருந்தபடியே விழுந்து கும்பிட்டது. இனி அடித்து விரட்டினாலும் ஒருத்தர்கூட அந்த வேலிக்குள் கால் வைக்க மாட்டார்கள். ஓவர்சியர் கேட்டதும் அதைத்தானே?

பாவாயி வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். கந்தவேல் குனிந்து பூட்ஸைக் கழற்றினான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.