சொன்னது சொன்னபடி

"இந்த விளிம்பு படுமோசம்" என்றாள் வந்தவள், அவளுடைய மொழியில்.

"விளிம்பை இன்னும் கொஞ்சம் மெருகேத்தினா நல்லா இருக்கும்னு நினைக்கிறாங்க" என்று அண்ணி தன் கணவரிடம் சொன்னாள்.

"அதுக்கென்ன, பண்ணிட்டாப் போச்சுன்னு சொல்லு."

அதை அண்ணி, "திருத்தித் தர மூன்று வாரம் ஆகும்" என்று அந்தப் பக்கம் சேர்த்தாள். இருவருக்கும் திருப்தி. வந்தவள் சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து அடுத்த வால்வை அளக்க ஆரம்பித்தாள். எதைப் பார்த்தாலும் அளந்துவிடுவதால் பட்டறையில் அவளுக்கு ஸ்கேலம்மா என்று பெயர். டீ கிளாஸைக்கூட அளந்து பார்த்துத்தான் வாயில் வைப்பாள் என்பார்கள். தண்ணீர்க் குழாய்களுக்கு இங்கே செய்கிற வால்வுகளில் பெரும்பகுதி கடல் கடந்து அவளுடைய கம்பெனிக்குத்தான் போகிறது.

பட்டறையைத் தொடங்கியவர்கள் அண்ணன் தம்பி இருவர். அண்ணனுக்குக் கை, தம்பிக்கு வாய். வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதெல்லாம் தம்பியின் பொறுப்பாக இருந்தது. அந்த மொழியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் அண்ணிதான். கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தனுக்கு மீசை அரும்பவில்லை. அடுக்களை வாசலில் உட்கார வைத்து, சாம்பார் தாளித்துக்கொண்டே வினைச்சொற்களை ஒப்பிக்கச் சொல்வாள். அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டது பட்டறைக்கும் பரவி, லேத் ஓட்டுபவர், லாரிக்காரர், வாசலில் தபால் தருபவர் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அப்படிக் கூப்பிட உண்மையான உரிமை உள்ளவன் மட்டும்தான் இப்போது இங்கே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு, இதே அறையில்தான் அது நடந்தது. மாதக் கடைசிக்குள் சரக்கு வந்துவிடுமா என்று ஸ்கேலம்மா கேட்டாள். "அனுப்பிடலாம்" என்றார் அண்ணன். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். தம்பி சொல்லவில்லை. "முடியாது. பாதி வால்வு கசிகிறது. அண்ணனுக்கும் அது தெரியும்" என்று அவர்கள் மொழியிலேயே போட்டு உடைத்தான். அரைகுறையாக அந்த மொழி புரியும் அண்ணனுக்கு இந்த மூன்று வாக்கியமும் முழுசாகப் புரிந்தன.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தது. "வெளியாள் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டியேடா."

"கேட்டாங்க, சொன்னேன். அவங்க ஊர்ல இதெல்லாம் ஒரு விஷயமே இல்லண்ணே."

"அப்ப அவங்களோடயே குடித்தனம் பண்ணிக்கோ."

சொன்னவர் அதோடு மறந்திருப்பார். கேட்டவன் மறக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே ரோஷம். மறுவாரம் அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டான். வெளிநாட்டுக்காரர்களோடு பேசுகிற வேலை அண்ணியிடம் வந்தது. எப்போதாவது மதிய நேரத்தில், அண்ணன் பட்டறையில் இருப்பார் என்று தெரிந்து, அண்ணிக்கு போன் செய்வான். முழங்கால் வலி, அங்கே மழையா, இங்கே வெயிலா. அண்ணன் பேச்சை அவனும் எடுக்கமாட்டான், அவளும் எடுக்கமாட்டாள். பேச ஒன்றும் இல்லாமல் போன பிறகும் இருவருக்கும் போனை வைக்க மனம் வராது. பிறகு அவன், "சாப்டீங்களா அண்ணி" என்று ஏற்கெனவே கேட்டதையே திரும்பக் கேட்பான். வைத்த பிறகு அவளுக்கு அன்றைக்கு எந்த வேலையும் ஓடாது.

அண்ணனுக்கு மட்டும் அந்த ஏக்கம் இல்லையா என்ன? டெஸ்டிங் மேஜையில் குனிந்து வால்வை முடுக்கும்போது, திரும்பிப் பார்க்காமல் சில சமயம் "டேய், இதைப் பிடி" என்று கையை நீட்டுவார். யாராவது ஓடி வந்து பிடிப்பார்கள். வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிடும். அண்ணி பார்க்காதது போல இருந்துவிடுவாள்.

அளந்து முடித்து டீ வந்ததும் ஸ்கேலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த மாதம் ஓய்வு பெறுவதாகவும் இனி வேறொருவர் வருவார் என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள்: "உங்கள் தம்பி எங்கே? ஒவ்வொரு முறையும் வேறு ஊரில் வேலையாக இருக்கிறார் என்கிறீர்கள். போவதற்கு முன் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்."

"நன்றி எதற்கு?" என்றாள் அண்ணி.

"அன்றைக்கு நான் உங்களிடம் வாங்குவதை நிறுத்திவிட வந்திருந்தேன். எல்லோரும் எல்லாவற்றுக்கும் முடியும் என்றே சொன்னார்கள். எதை நம்புவது? அவர் முடியாது என்றார். அண்ணனுக்கும் தெரியும் என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, உங்கள் கணவர் வேலை தெரியாதவர் அல்ல, மறுத்துச் சொல்லக் கூச்சப்படுகிறவர் என்று. அந்தப் பேச்சை நம்பித்தான் இத்தனை வருடமும் வாங்கினோம்."

"என்னவாம்? தம்பின்னு காதுல விழுந்துச்சே" என்றார் அவர்.

தம்பியை விசாரித்தார்கள், அவ்வளவுதான் என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை காலமும் முள்ளை எடுத்துவிட்டுத்தான் அவருக்குப் பரிமாறியிருக்கிறாள். டீயை ஒரு வாய் குடித்து அதை உள்ளே தள்ளினாள். பிறகு ஸ்கேலம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். "அண்ணனுக்கும் தெரியும்" என்றதையும் விடவில்லை.

அவர் டீயில் படிந்திருந்த ஆடையை விரலால் ஒதுக்கினார்.

"அன்னிக்கு நிறுத்தவா வந்தாங்க?"

"ஆமாங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"யாருக்குமே தெரியாது. இப்பத்தானே சொல்றாங்க."

ஸ்கேலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனா?"

"இங்கே யாரும் கேட்காததைக் கேட்டீர்கள்" என்றாள் அண்ணி.

"அப்படியானால் இப்போதே அவரோடு பேசலாமா? தொலைபேசியில்?"

அண்ணி கணவர் பக்கம் திரும்பினாள். "தம்பிகிட்ட இப்பவே பேசணுமாம். போன் போடச் சொல்றாங்க."

"நம்பர் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட இருக்கு." இந்த ஆறு வருடத்தில் அவரிடம் அவள் சொல்லாதது அது.

"தெரியும்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் எழுந்துவிட்டார். "லேத்துல புதுப் பையன் நிக்கிறான், பாத்துட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு வெளியே போனார். போகிறவர் கதவைச் சாத்தவில்லை. இரும்பு சீவும் சத்தம் மொத்தமாக அறைக்குள் புகுந்தது.

"அவர் சொன்னது சரி என்றா, வேண்டாம் என்றா?" ஸ்கேலம்மா சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள்.

"எனக்குத் தெரியவில்லை" என்றாள் அண்ணி. மொழிபெயர்க்க வந்த நாளிலிருந்து அந்தப் பதிலை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். மணி அடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் முதுகைக் காட்டி நின்றுகொண்டு லேத் ஓட்டுபவரிடம் கையால் ஏதோ காட்டினார். ஒரு லேத் நின்றது. அடுத்தது நின்றது. கடைசியில் மூலையிலிருந்த பழைய மெஷினும் இரண்டு மூன்று முறை முனகிவிட்டு அடங்கியது. வேலையாட்கள் என்ன ஏது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி இப்போது தெளிவாகக் கேட்டது. ஸ்கேலம்மாவும் பேசட்டும் என்று அண்ணி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அண்ணி? என்ன அண்ணி, இந்நேரத்துல? யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

அவள் போனைத் திறந்திருந்த கதவுப் பக்கம் நீட்டினாள். பட்டறை முழுக்கக் கேட்கிற அந்தக் குரலுக்கு முதுகைக் காட்டியபடி, அவர் ஒரு வால்வை எடுத்து, துடைத்த இடத்தையே துணியால் துடைத்துக்கொண்டு நின்றார்.