ஒன்பது வயது உயரம்

தேவானையின் குரலைக் கேட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது. சிங்கப்பூரின் செங்காங்கில் ரயில் ஏறித் தேக்காவில் இறங்குவதற்குள் கைப்பேசியை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பார்க்காவிட்டால் மட்டும் அழைப்பு வந்துவிடவா போகிறது? பார்த்தும்தான் வரவில்லை.

தேவானை என் மகள். பர்மாவில் எங்கள் தமிழ்க் கிராமத்தில் குண்டு விழுந்த அன்று, அவளையும் என் அக்கா பாப்பம்மாளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு புத்த மடத்தில் இடம் கொடுத்தார்கள். வயிற்றுக்கு வழி வேண்டுமே என்று பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு, நான் சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்கு வந்தேன். மூன்று வருடமாக அவள் முகம் பார்க்கவில்லை. மடத்தில் இருப்பது பழைய பொத்தான் போன், வாரம் ஒரு தடவை குரல் மட்டும் கேட்கும். இப்போது அந்த ஊரிலும் சண்டை. மடத்துக்குப் பக்கத்தில் விமானம் குண்டு போட்டது என்பதுவரை தெரியும். அதன் பிறகு ஊருக்கே போன் போகவில்லை. பேஸ்புக்கில் செத்தவர்கள் பட்டியல் போடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பர்மியப் பெயரும் ஒன்று உண்டு. தினமும் இரண்டு பெயரையும் தேடிவிட்டுத்தான் படுக்கிறேன்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையின் மேல்மாடியில் வீட்டுவேலைப் பெண்களுக்கு இலவசமாக ஓவியம் சொல்லித் தருகிறார்கள். கலை ஆர்வத்தில் போனேன் என்று சொன்னால் பொய். அங்கே ஏர்கான் உண்டு, மதியம் பிரியாணிப் பொட்டலமும் உண்டு. ஆனால் தூரிகை பிடித்த முதல் நாளே மூன்று மணி நேரம் நான் கைப்பேசியைத் தொடவில்லை. அதற்காகவே அடுத்த வாரமும் போனேன்.

இன்று கடைசி வகுப்பு. நாளைக்குப் படங்களைச் சமூக மன்றத்தில் காட்சிக்கு வைக்கிறார்கள். என் படத்தில் எங்கள் வீடு இருந்தது, கோயில் வேம்பு இருந்தது, அக்காவின் வாத்துகள்கூட இருந்தன. வாசல் கதவருகே மட்டும் ஓர் ஆள் நிற்கும் இடத்தை வெள்ளையாக விட்டிருந்தேன்.

சொல்லித்தரும் முனீரா பள்ளி ஆசிரியை, என்னைவிடச் சின்னவள். குனிந்து பார்த்தாள்.

“சந்திரமதி அக்கா, இங்க பாப்பாதானே? போன்ல போட்டோ இருக்குல்ல, அதப் பாத்துப் போட்டுடலாம் லா. டைம் இருக்கு.”

“வேணாம்.”

“முகம் கஷ்டம்னா நான் ஹெல்ப் பண்றேன்.”

“எங்க வீட்டுச் சுவத்துல மாட்டுன படமெல்லாம் செத்தவங்க படம். என் மகள ஏன் அங்க ஏத்தச் சொல்றீங்க?”

குரல் உயர்ந்துவிட்டது. மற்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முனீராவின் முகம் சுருங்கியது. பாவம், அவள் என்ன செய்வாள். யார் மேலோ உள்ள கோபத்தை அவள்மேல் கொட்டிவிட்டேன்.

“சாரிக்கா” என்றாள். எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். “பாப்பாவுக்கு இப்ப என்ன வயசு?” என்றாள்.

“ஒம்பது.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. கைப்பேசியில் இருப்பது நான் புறப்பட்ட அன்று எடுத்த படம். அதில் அவளுக்கு ஆறு வயது, முன்பல் இல்லை. பத்தொன்பது நாளாக அந்த ஆறு வயதுக்காரியை நினைத்துத்தான் அழுதுகொண்டிருக்கிறேன். செத்தவர்களுக்குத்தான் வயது ஏறாது. எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாவுக்கு என்றைக்கும் நாற்பத்தொன்று.

ஒன்பது வயது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். செங்காங்கில் நான் வேலை பார்க்கும் வீட்டு அனிதா அம்மாவின் மகள் ரக்ஷனாவுக்கு ஒன்பது. தினமும் நான்தான் தலை பின்னிவிடுகிறேன். அவள் உச்சி என் மார்புவரை வரும். எங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளும் அதே உயரம்தான்.

ஆனால் ரக்ஷனா பாலும் முட்டையும் தின்று வளர்ந்த பிள்ளை, என் பிள்ளைக்கு மடத்துக் கஞ்சி. தாழ்ப்பாளுக்கு ஒரு நூல் கீழே கோடு போட்டேன். போட்டதும் ஆத்திரமாக வந்தது. பெற்றவள் நானே ஏன் குறைக்க வேண்டும்? அழித்துவிட்டுத் தாழ்ப்பாள் உயரத்துக்கே போட்டேன். முன்பல் இரண்டையும் வைத்தேன், கொஞ்சம் பெரிதாகவே.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. தூரிகை கைநழுவி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அனிதா அம்மா, வரும்போது கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லியிருந்தார். தூரிகையைக் கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

கணுக்கால்வரை பச்சைப் பாவாடை. அதன் அடியில் சுற்றிவர மூன்று மெல்லிய கோடுகள் இழுத்தேன்.

முனீரா பிரியாணிப் பொட்டலத்தை என் பக்கத்தில் வைத்தாள். “இந்தக் கோடு என்னக்கா, பார்டரா?”

“இல்ல. உள்ள மடிச்சுத் தெச்சிருக்கு. பிள்ள வளர வளர ஒவ்வொண்ணாப் பிரிச்சு விடணும்.”

“மூணு மடிப்பா?”

“பன்னண்டு வயசு வரைக்கும் வரணும்ல.”