பழைய ரயில் பாதையில் பெண் பார்க்கப் போனது

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் அலுவலக நண்பர் பரமேஸ்வரன் சைக்கிளில் பெண் பார்க்கப் புறப்பட்டார். சைக்கிளில் ஏன் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. பெண் வீடு எசெக்ஸ் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தது. நாங்கள் வசித்த இலண்டன் இல்ஃபோர்டிலிருந்து ரயிலில் போய் இறங்கும் ஊருக்கும் அந்தச் சிற்றூருக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் கிடையாது. முன்பு ரயில் ஓடிய கிளைப்பாதை ஒன்று மட்டும், தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் விடப்பட்டிருந்தது.

அவருடைய அக்கா சிவனேஸ்வரி அம்மையாருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆகவே, கும்பகோணத்துச் சேஷாத்ரியாகிய என்னைத் துணைக்கு அனுப்பினார். இதற்கு முன் தம்பிக்குப் பேசிய நான்கு சம்பந்தங்களும் தவறிப்போனதற்குக் காரணம், புறப்படும் வேளையில் யாரோ ஒருவர் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டதே என்பது அம்மையாரின் திடமான கருத்து.

"ஆரும் எங்க எண்டு கேட்டா, வெளிக்கிட்ட இடத்துக்குத் திரும்பி வந்து, இருந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும். சத்தியம் பண்ணு," என்றார். "இதுவும் தவறினா, இனி நான் ஒருத்தரிட்டையும் போய்க் கேக்கமாட்டன்."

"ஓம் அக்கா," என்றார் பரமேஸ்வரன். அவர் சொன்ன சொல் தவறாதவர். அத்துடன், இந்தச் சம்பந்தத்தை அவர் மிகவும் விரும்பினார். பெண் சந்திரவதனா ஆஸ்பத்திரித் தாதி. தொலைபேசியில் ஒருமுறை அவர் "கொஞ்சம் நில்லுங்கோ, அப்பாவிட்டைக் குடுக்கிறன்" என்று சொன்னதை, பரமேஸ்வரன் என்னிடம் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறார்.

ஸ்டேஷன் வாசலில் கோட்டும் டையுமாகச் சைக்கிள் ஏறினோம். சைக்கிள் ஏறிய இடமே புறப்பட்ட இடம் என்று இருவரும் ஆலோசித்து முடிவு செய்துகொண்டோம். அம்மையார் சுட்டுக் கொடுத்த பயற்றம் பணியார டின் என் சைக்கிளின் பின்னால் கட்டப்பட்டிருந்தது. பாதையின் இருமருங்கும் முட்புதர்கள் இலைகூட இல்லாமல் வெள்ளையாகப் பூத்திருந்தன. முதல் பாலத்தை அடையுமுன்பே நாயுடன் வந்த ஒரு சீமாட்டி, "அடடா, இவ்வளவு அழகாக உடுத்திக்கொண்டு எங்கே போகிறீர்கள்?" என்று அன்புடன் விசாரித்தார்.

பரமேஸ்வரன் அவருக்கு நன்றி கூறினார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். ஸ்டேஷன் பெஞ்சில் அமர்ந்து தண்ணீர் குடித்தோம்.

இரண்டாம் முறை, தூண்டிலுடன் எங்கள் திசையிலேயே நடந்துகொண்டிருந்த ஒருவர் கேட்டார். மூன்றாம் முறை மாதாகோயிலிலிருந்து திரும்பிய இரு பெண்மணிகள் கேட்டார்கள். இலண்டனுக்குள் யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அந்தப் பாதையிலோ எல்லோருக்கும் எங்கள் மீது அக்கறையாக இருந்தது.

"நாமளே முதல்ல கேட்டுட்டா என்ன?" என்று தயக்கத்துடன் சொன்னேன். "அவங்க பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தாண்டிப் போயிடலாம்."

அவ்வாறே, பழைய பிளாட்பாரம் ஒன்றின் அருகே கைத்தடிகளுடன் வந்த முதிய தம்பதியரை நான் முந்திக்கொண்டு கேட்டேன். நீலப் பூக்கள் மலர்ந்திருக்கும் காட்டைப் பார்க்கப் போவதாக அவர்கள் மகிழ்ச்சியுடன் தெரிவித்தார்கள். கடந்துவிட்டோம். சிறிது தூரம் சென்றதும் பரமேஸ்வரன் பிரேக் பிடித்தார்.

"பாவம் சேஷாத்ரி, வயசான சனம். அதுகளின்ரை பயணத்தைக் கெடுத்துப்போட்டம்."

"அவங்களுக்கு இதுல நம்பிக்கை கிடையாதே?"

"விழுந்து காலை முறிச்சா நம்பிக்கையைக் கேட்டோ முறியும்? வாரும்."

திரும்பிப் போய் மன்னிப்புக் கோரினோம். விஷயத்தை இயன்றவரை நல்ல ஆங்கிலத்தில் விளக்கினேன். மறுப்பது மரியாதையாகாது என்று எண்ணினார்களோ என்னவோ, இருவரும் பிளாட்பார விளிம்பில் அமர்ந்து எங்கள் தண்ணீரைக் குடித்தார்கள்.

"அப்படியானால் நாங்களும் புறப்பட்ட இடத்திற்கே போகவேண்டுமா?" என்று முதியவர் கேட்டார்.

"முறைப்படி பார்த்தால் ஆம். உங்கள் வயதுக்குச் சலுகை தரலாம்," என்றார் பரமேஸ்வரன்.

"செய்வதைச் சரியாகச் செய்துவிடுவோம், ஹரல்டு," என்று மனைவி எழுந்தார். அவர்கள் வீட்டை நோக்கி நடந்தார்கள்.

அந்த வேளையில்தான் எதிர்ப்பக்கமிருந்து நீலச் சீருடையின் மேல் கோட்டணிந்த பெண் ஒருவர் சைக்கிளில் வந்து, எங்கள் முன் காலூன்றி நின்றார். பரமேஸ்வரனின் முகத்தைப் பார்த்தே அவர் யாரென்று அறிந்தேன்.

"நீங்கள்தானே பரமேஸ்வரன்?"

"ஓம்."

"எங்க போறியள்?"

பரமேஸ்வரன் கண்களை மூடிக்கொண்டார். "உங்கட வீட்டுக்குத்தான்... ஆனா இனித் திரும்பி ஸ்டேஷனுக்குப் போகவேணும். அக்காவுக்குச் சத்தியம் பண்ணினனான். குறை நினையாதேங்கோ. நீங்கள் கொஞ்சம் பொறுத்தா..."

"எனக்குப் பின்நேர ஷிப்ட். பொறுக்க ஏலாது."

"அப்ப..." ஐந்தாவது சம்பந்தமும் என் கண்முன்னே முடிந்துபோவதாக நான் வருந்தினேன்.

"ஆஸ்பத்திரி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலதான்," என்றார் சந்திரவதனா. "தூண்டில்காரர் சொன்னவர், கோட்டுப் போட்ட ரெண்டு பேர் கேக்கக் கேக்கத் திரும்பிப் போகினமாம் எண்டு. எனக்கு உடன விளங்கிப்போச்சு. தெரிஞ்சுதான் கேட்டனான். வீட்டை வந்தியளெண்டா அப்பாதான் கதைப்பார்; நீங்களும் நானும் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்."

பரமேஸ்வரன் கண்களைத் திறந்தார்.

"சைக்கிள் வேகமா ஓடுவியளோ?"

"ஓம், ஓடுவன்."

பரமேஸ்வரனின் டை காற்றில் தோளுக்குப் பின்னால் பறந்தது. இருவரும் வெள்ளைப் புதர்களுக்கிடையே சென்று மறைந்தார்கள். விடைபெற வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

பெண்ணின் தந்தை கனகலிங்கம் அவர்களுக்கு யாராவது தகவல் சொல்ல வேண்டுமல்லவா? நான் மட்டும் தொடர்ந்து சென்றேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். என்னையும் டின்னையும் பார்த்து, எனக்குப் பின்னாலும் பார்த்தார்.

"மாப்பிளை?"

"மன்னிக்கணும் சார். உங்க பொண்ணோட ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போயிட்டார்."

அவர் டின்னை வாங்கிக்கொண்டார். "மகள் கதைச்சவளோ?"

"ஆமா சார். அவங்கதான் பேசிக்கிட்டே போனாங்க."

"போன கிழமை ஒரு கணக்காளர் பொம்பிளை பாக்க வந்தவர். அவருக்கு இவள் ஹலோவும் சொல்லேல்லை," என்றார். டின்னைத் திறந்து ஒரு பணியாரத்தைக் கடித்துப் பார்த்தார். "தமக்கை நல்லாச் சுட்டிருக்கிறா. உள்ளுக்கு வாரும், தேத்தண்ணி ஆறுது." என்னை அழைத்துப் போனவர், மாப்பிள்ளைக்கென்று போட்டிருந்த நாற்காலியில் நிம்மதியாகத் தாமே அமர்ந்துகொண்டார்.