பன்னிரண்டு மில்லி

"அழுகைய நிறுத்துங்க, அவதான் கூப்பிடுறா!" என்று அக்கா கையை ஓங்கினாள்.

கூடம் கப்சிப்பென்று ஆனது. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த சித்தி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். நடுவில் கிடத்தப்பட்டிருந்த அப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் போனை எடுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி.

"இன்னும் ஒரு சொட்டுகூட வரலைங்க. ஆனா பிரஷர் ஏறுது! காலையில முப்பத்தஞ்சு, இப்ப நாப்பத்திரெண்டு!"

"ஏறட்டும், ஏறட்டும்" என்றான். குரல் கம்மியது. சளி என்று முன்பே சொல்லி வைத்திருந்தான்.

பிறந்த பத்தாம் நாள் மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன். தைத்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிரஷர் படுத்துவிட்டது, சிறுநீர் நின்றுவிட்டது. இத்தனை பெரிய அதிர்ச்சியைத் தாங்க உடம்பு சுரக்க வேண்டிய ஹார்மோன் பச்சைக் குழந்தைக்குப் போதவில்லை, மருந்தால் ஈடுகட்டிப் பார்ப்போம் என்று நேற்று டாக்டர் ஸ்டீராய்டு ஊசி ஆரம்பித்தார். இன்று மாலைக்குள் சிறுநீர் வராவிட்டால் வயிற்றில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்தப் பிஞ்சு அதைத் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர். டாக்டர் சொன்னதில் பிரஷர் ஒன்றுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. அது போதாதா, மணிக்கொரு தரம் மருமகளைக் கூப்பிட்டு "இப்ப எவ்வளவு? இப்ப எவ்வளவு?" என்று உயிரை எடுத்தார். இன்று விடிந்ததும் போனைக் கையில் வைத்தபடியே நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தை தேறும்வரை அவன் மனைவியிடம் மூச்சு விடக்கூடாது என்று அக்கா எல்லோர் வாயையும் கட்டிவிட்டாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. நாலு பேர் அப்பாவைத் தூக்கக் குனிந்தபோது போன் மறுபடி அலறியது. குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள்.

"வந்துடுச்சுங்க! பன்னெண்டு மில்லி! நர்ஸு கைதட்டுறாங்க! வயித்துல குழாயே வேண்டாம்னுட்டாரு டாக்டர்!"

அவள் போட்ட கத்தல் கூடம் முழுக்கக் கேட்டது. சித்தப்பா துள்ளிக் குதித்தார். அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள். சித்தி அழுத முகத்தோடு சிரித்தாள். யாரோ விசிலே அடித்துவிட்டார்கள். அவனுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"என்னங்க, வீட்ல அவ்வளவு கூட்டம்?"

"குழந்தைய விசாரிக்க... எல்லாரும் வந்திருக்காங்க."

"மாமாகிட்ட குடுங்க. இன்னிக்கு ஒரு தடவகூட கூப்பிடல அவரு. நான்தான் சொல்லுவேன்."

"அவருக்குத் தொண்டை சரியில்ல. பேச முடியாதும்மா."

"பேச வேணாம். காதுல வைங்க, போதும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, போனை அப்பாவின் காதோரம் வைத்தான்.

"மாமா! உங்க பேத்தி ஒண்ணுக்குப் போயிட்டா மாமா!"

தூக்க வந்த நால்வரும் கையை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்கள். அவள் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டிக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.